காப்பாற்ற ஓடும் முன் ஒரு மூச்சு நில்லுங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் ஊராகப் போய் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். கட்டு போடுவது எப்படி, மாரடைப்புக்கு என்ன செய்வது என்றெல்லாம் கேட்பார்கள். ஆனால் நான் முதல் அரை மணி நேரம் பேசுவது எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும்தான். அதைக் கேட்டதும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள் வருகின்றன, சில நேரம் கோபமாகவே வருகின்றன. அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உயிர் போய்க்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் போய் நில் என்கிறீர்களே, மனசாட்சி வேண்டாமா?

இந்தக் கேள்வியை நானே கேட்டவன்தான். எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் தோட்டத்துக் கிணறு ஐம்பது அடிக்கு மேல் ஆழம். தண்ணீர் கீழே போய்விட்டதால் டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் பாதியில் ஒரு திட்டு வெட்டி இறக்கி வைத்திருந்தார்கள், அந்தக் காலத்தில் நிறைய தோட்டங்களில் அப்படித்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா எதையோ சரிபார்க்க இறங்கினார், திட்டிலேயே சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்கப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இறங்கினார், அவரும் சாய்ந்தார். மூன்றாவதாக நான் படியில் கால் வைத்துவிட்டேன். பெரியம்மா என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்து, "உள்ள எத்தன பேருடா? ஏன் ரெண்டு பேரும் எந்திரிக்கல?" என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்த இரண்டு மூன்று வினாடிதான் இன்று நான் இதை எழுதக் காரணம். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது, அவர் பள்ளிக்கூடம் போனதே இல்லை. இரண்டு பேர் போய் இரண்டு பேரும் எழவில்லை என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பார்த்தார், அவ்வளவே.

நான் நில் என்று சொல்வது ஐந்து வினாடி, அதிகம் போனால் பத்து. அந்த ஐந்து வினாடியையும் காப்பாற்றும் வேலையில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஐந்து வினாடி பெரிய வித்தியாசத்தை உண்டாக்குமா?

அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம் 1986-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தொட்டி, சாக்கடை, குழி போன்ற அடைபட்ட இடங்களில் நடந்த சாவுகளில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையது என்று அதில் இருக்கிறது. முதலில் விழுந்தவரைவிட அவரைத் தூக்கப் போய் விழுந்தவர்கள் அதிகம். நம் ஊர்ச் செய்திகளைப் படித்துப் பாருங்கள், அண்ணன் விழுந்தார், தம்பி இறங்கினார், பிறகு மேஸ்திரி இறங்கினார் என்று ஒரே குடும்பத்தில், ஒரே தெருவில் வரிசையாகப் போயிருப்பார்கள். அவர்கள் எல்லாரும் நல்லவர்கள், பாசம் உள்ளவர்கள். நிற்கச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை, அதுதான் என் ஆதங்கம்.

செப்டிக் டேங்குக்குள் இருக்கும் வாயு நாற்றம் அடிக்குமே, முன்னாடியே தெரிந்துவிடாதா?

தெரியாது. இதைத்தான் எல்லாரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிக் காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்கிற அளவைத் தொட்டால் மோப்ப நரம்பையே அது மரத்துப்போகச் செய்துவிடும். உள்ளே இறங்கியவருக்கு "நாற்றம் குறைந்துவிட்டது, இனி பயமில்லை" என்று தோன்றும் நேரம்தான் ஆபத்து முற்றிய நேரம். எழுநூறு, ஆயிரம் பங்கு என்று போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. மேலே நிற்பவர் வழுக்கி விழுந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு இறங்குவார்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கிக்கொள்ளும். மூடியைத் திறந்து பத்து நிமிடம் விட்டால் போய்விடும் என்று நம்பி இறங்கக் கூடாது. மேலே இருக்கும் சேற்றுப் படலத்தைக் குச்சியால் கலக்கினால் அதற்குள் அடைபட்டிருந்தது குப்பென்று வெளியே வரும். காலையில் ஒன்றும் ஆகாத அதே தொட்டி மதியம் ஆளைக் கொல்வது இப்படித்தான்.

பல வருடம் மூடிக்கிடந்த பாழுங்கிணறும் இதே மாதிரிதான். இலை தழை மக்கி, ஆக்சிஜன் குறைந்து, கரியமில வாயு அடியில் தேங்கி நிற்கும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம், அது ஆறு சதவீதத்துக்குக் கீழே போன இடத்தில் இறங்குபவருக்கு யோசிக்கவே அவகாசம் கிடைக்காது.

மெழுகுவர்த்தியோ அரிக்கேன் விளக்கோ இறக்கிப் பார்த்துவிட்டு இறங்கினால்?

வேண்டாம். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், சரி. ஆனால் அணையாமல் எரிவதால் விஷ வாயு இல்லை என்று ஆகிவிடாது. ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். போதாததற்குச் செப்டிக் டேங்கில் மீத்தேன் இருக்கும், நெருப்பைக் காட்டினால் வெடிக்கும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரே தூக்காகத் தூக்கி வந்துவிட முடியாதா?

இப்படி நினைத்தவர்கள்தான் பெரும்பாலும் இரண்டாவது ஆளாகப் போயிருக்கிறார்கள். பதற்றத்தில் நெஞ்சு படபடக்கும்போது வீட்டில் உட்கார்ந்து பிடிக்கிற மாதிரி மூச்சைப் பிடிக்க முடியாது. மயங்கிக் கிடக்கும் அறுபது கிலோ ஆளைக் குனிந்து தூக்கினால் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், அந்த முதல் மூச்சு அந்தக் குழிக்குள்ளேதான் நடக்கும்.

மூக்கில் ஈரத் துண்டு கட்டிக்கொள்வதும் ஒன்றுதான், அது தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

அப்படியானால் என்னதான் செய்வது? வேடிக்கை பார்ப்பதா?

மேலே நின்றபடி செய்ய வேலை இருக்கிறது. முதலில் இன்னொருவர் இறங்காதபடி ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள், அதுவே ஓர் உயிரைக் காப்பாற்றுவதுதான். 112-க்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ அழைத்து, "தொட்டிக்குள் ஆள் மயங்கிக் கிடக்கிறார், மூச்சுக் கருவியோடு வாருங்கள்" என்று அந்த வார்த்தையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உள்ளே எஞ்சின் ஓடினால் மேலிருந்தே நிறுத்த வழி உண்டா பாருங்கள். காற்று ஊதும் ப்ளோயர் கிடைத்தால் வெளியில் இருந்து நல்ல காற்றை உள்ளே செலுத்தலாம், ஆனால் செப்டிக் டேங்க் பக்கத்தில் பீடி, தீக்குச்சி, தீப்பொறி எதுவும் கூடாது. உள்ளே இருப்பவருக்கு நினைவு இருந்தால் கயிற்றில் இறுகாத வளையம் போட்டு இறக்கி, அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். வேப்பந்தழையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மேலும் கீழும் ஆட்டுவார்கள் எங்கள் பக்கம். அது காற்றைக் கொஞ்சம் கலக்கிவிடும், ஆனால் அதை நம்பி ஆள் இறங்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செப்டிக் டேங்கையும் சாக்கடையையும் சுத்தம் செய்யப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அதற்கு முன் பத்து லட்சமாக இருந்தது. ஆள் போன பிறகு வரும் பணம் அது. தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணுக்கு அழைத்தால் லாரி வைத்து உறிஞ்சி எடுக்க ஏற்பாடு செய்வார்கள். ஆளை இறக்கலாமா என்ற எண்ணம் வரும்போதே ஒரு நிமிடம் நின்று அந்த எண்ணை அழுத்துங்கள், அது எல்லாவற்றையும்விட நல்ல நிற்றல்.

ஷாக் அடித்தவரை உடனே இழுத்துவிட வேண்டும் என்று சொல்வார்களே?

இழுப்பவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். மழைக்காலம் வந்தாலே நான் பயப்படுவது கொடிக்கம்பிக்குத்தான். துணி காயப்போடும் கம்பி எங்கோ ஓர் உரசிய ஒயரைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஈரத் துணியோடு மனைவி கையை வைப்பார், அலறல் கேட்டு ஓடி வந்த கணவர் அவர் கையைப் பிடித்து இழுப்பார், அப்புறம் மகன். மூன்று பேருக்கும் ஒரே கம்பி.

மின்சாரம் கை வழியாகப் போகும்போது விரல்களை மடக்கும் தசைகள்தான் வலுவாக இறுகும். பத்து, இருபது மில்லி ஆம்பியரிலேயே பிடித்ததை விட முடியாமல் போகும். அவர் கத்துகிறார், துடிக்கிறார், ஆனாலும் கையை எடுக்க மாட்டேன் என்கிறாரே என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். எடுக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

நின்று முதலில் மெயின் சுவிட்ச் எங்கே என்று பாருங்கள். இழுப்பதைவிட அதை அணைப்பது பெரும்பாலும் வேகமாக நடக்கும். அது கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால், ஈரம் இல்லாத பலகை மேலோ பிளாஸ்டிக் ஸ்டூல் மேலோ நின்று, காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ கம்பியைத் தள்ளிவிடலாம். இது வீட்டு மின்சாரத்துக்கு, அதாவது 230 வோல்ட்டுக்கு மட்டும். தெருவில் அறுந்து கிடக்கும் பெரிய லைன் 11,000 வோல்ட்டாக இருக்கலாம். அதற்குக் காய்ந்த கட்டை எல்லாம் ஒரு தடையே இல்லை. பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள், லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று அவர்கள் சொல்லும் வரை யாரையும் விடாதீர்கள். ஏற்கெனவே பக்கத்தில் போய்விட்டீர்கள் என்றால் அகலமாகக் கால் எடுத்து வைத்து ஓடாதீர்கள், தரையிலேயே மின்சாரம் பரவியிருக்கும். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தூக்காமல் தேய்த்தபடி நகர வேண்டும்.

மாடு விழுந்து கிடக்கிறதே என்று கயிற்றைப் பிடித்து இழுக்கப் போய் இறந்த விவசாயிகள் எத்தனையோ பேர். மாடு நின்ற நிலையில் திடீரென்று விழுந்தால் முதலில் மேலே பாருங்கள், கம்பி எங்கே தொங்குகிறது என்று.

மின்சாரம் கசிந்தால் தானாகவே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியை, 30 மில்லி ஆம்பியர் அளவில், வீட்டில் பொருத்தியிருந்தால் இதில் பாதிக் கதை நடக்காது. ஒரு நல்ல மிக்சி வாங்கும் பணம்கூட ஆகாது.

தண்ணீரில் மூழ்குபவரைக் காப்பாற்ற எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். எனக்கும் இது பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். நீச்சல் தெரியாதவர் குதிக்கத் தயங்குவார், தெரிந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் குதிப்பார். மூழ்குபவர் கைக்குக் கிடைத்ததை அழுத்தி மேலே வரப் பார்ப்பார், அது உங்கள் தலையாக இருக்கும். எவ்வளவு பெரிய நீச்சல்காரராக இருந்தாலும் கழுத்தை ஒருவர் இறுக்கிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. காப்பாற்றப் போய் மூழ்குபவர்கள் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தனியாக ஆராயும் அளவுக்கு இருக்கிறார்கள். அங்கே கடல், இங்கே கொள்ளிடமும் காவிரியும் கல்குவாரிக் குட்டையும். மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடி இரண்டு ஆள் ஆழமாக இருக்கும்.

மூழ்குபவர் சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போகும்போது மூச்சு விடவே நேரம் போதாது, கத்துவதற்கு ஏது காற்று. தண்ணீருக்கு மேலே இப்படித் தவிப்பது இருபதிலிருந்து அறுபது வினாடி வரைதான். அதனால் நின்று பார்க்கும்போது சத்தம் போடுபவரை மட்டும் பார்க்காமல் சத்தம் இல்லாதவரையும் தேடுங்கள்.

வரிசை இதுதான். கரையில் படுத்துக்கொண்டு நீளமான கம்பையோ துண்டையோ நீட்டுங்கள். எட்டவில்லை என்றால் மிதப்பதைத் தூக்கிப் போடுங்கள், காலி பிளாஸ்டிக் குடம், மூடி போட்ட தண்ணீர் கேன், லாரி டியூப், எது கிடைத்தாலும் சரி. பரிசலோ படகோ இருந்தால் அதில் போங்கள். தண்ணீருக்குள் இறங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் கையில் மிதவை ஒன்றோடு.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். அங்கே துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருதை அவர்களுக்குக் கொடுத்தது. அந்த நொடியில் கூச்சத்தைத் தள்ளிவைத்து, கையில் என்ன இருக்கிறது, எது அவ்வளவு தூரம் எட்டும் என்று பார்க்க ஒரு மனசு வேண்டும். என் வகுப்பில் எந்த ஊரிலும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

சரி, அந்த ஐந்து வினாடியில் என்ன செய்ய வேண்டும்? பதற்றத்தில் எதுவும் ஓடாதே?

ஓடாதுதான். அட்ரினலின் ஏறும்போது கண் ஒரே புள்ளியில் போய் நிற்கும். விழுந்து கிடப்பவர் தெரிவார், அவருக்கு மேலே தொங்கும் கம்பி தெரியாது. இது கோழைத்தனமோ புத்திக் குறைவோ இல்லை, எல்லா உடம்பும் அப்படித்தான் செய்யும். அதை உடம்பு வழியாகவேதான் மாற்ற வேண்டியிருக்கிறது.

இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றுங்கள். மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், பார்வையும் விரியும். பிறகு தலையைத் திருப்பி மேலே, கீழே, இரண்டு பக்கமும் பாருங்கள். பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "கம்பி அறுந்து கிடக்கு. தரை ஈரம். மெயின் உள்ளே."

வாய்விட்டுச் சொல்வது விளையாட்டு இல்லை. ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டி, அதன் பெயரையும் நிலையையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ரயிலை நகர்த்துகிறார்கள், நூறு வருடத்துக்கு மேலாக. அங்குள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் சோதித்துப் பார்த்தபோது, சுட்டிச் சொல்லிச் செய்தவர்கள் ஒன்றும் செய்யாதவர்களைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தவறுதான் செய்தார்கள். வாய் சொல்லும்போது கண் ஏமாற்ற முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் அது கேட்கும், அவரும் நிற்பார்.

கூட்டம் சும்மா இருக்காதே? "நிக்கிறான் பாரு, இவனெல்லாம் மனுஷனா" என்பார்களே?

சொல்வார்கள். எனக்கே சொல்லியிருக்கிறார்கள். கிணற்று விஷயத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய பெரியம்மாவையும் சிலர் ரொம்ப நாள் பேசினார்கள், "சொந்தக் கொழுந்தன் உள்ள கிடக்கையில புள்ளைய விடல" என்று.

கூட்டம் கத்தும்போது அமைதியாக இருப்பதைவிட வேலை சொல்லிவிடுவது நல்லது என்பது என் அனுபவம். ஒருவரை விரல் நீட்டிக் கூப்பிட்டு, "பச்சைச் சட்டை அண்ணே, நீங்க 112-க்குப் போடுங்க. அக்கா, மெயின் எங்கன்னு பாருங்க. தம்பி, கயிறு கொண்டா" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பொதுவாக "யாராவது போன் பண்ணுங்க" என்றால் ஒருவரும் பண்ண மாட்டார்கள். வேலை கையில் வந்ததும் திட்டுவது நின்றுவிடும்.

பாம்பு கடித்தால்கூட நிற்க வேண்டுமா?

இங்கே நிற்பதைவிட ஒரு படி மேலே, படுத்தே விட வேண்டும். கடிபட்டவர் அசையக் கூடாது. விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாகப் போகிறது, தசை அசைய அசைய அது வேகமாக நகரும். அதனால் கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் கட்டுவது போல மட்டை வைத்து அசையாமல் கட்டி, தூக்கிக்கொண்டு போங்கள். மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாம் கழற்றிவிடுங்கள், வீங்கினால் இறுக்கும். வண்டி வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பாம்பை அடிக்க ஓடுவது, நான்கும் வேண்டாம். கட்டு விரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது. இரவில் தூக்கத்தில் எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும். வலி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஒன்று நடக்கும், அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறியிருந்தால் பெரும்பாலும் ரத்தம் உறையாது. உறவினர்கள் இந்த 20 நிமிடத்தில்தான் "ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருக்காங்க" என்று சண்டைக்குப் போகிறார்கள். அந்தக் குழாயையும் கடிபட்டவரின் அறிகுறிகளையும் பார்த்துத்தான் மருந்து வேண்டுமா என்று முடிவு செய்வார்கள், விஷமுறிவு மருந்துக்கே சிலருக்கு ஒவ்வாமை வந்து ஆபத்தாகும் என்பதால். தயவுசெய்து அந்த நேரத்தைக் கொடுங்கள்.

மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. முடிந்தால் ஒருமுறை போய், பாம்பைப் பிடிக்கும் அந்தக் கைகள் எவ்வளவு மெதுவாக அசைகின்றன என்று பாருங்கள்.

சமையலறையில்?

காஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி வரும். இருட்டாக இருந்தாலும் அப்படியே போய் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து காஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அழையுங்கள். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ கூரை வரை எழும்பும். அடுப்பை அணைத்து, தட்டையோ மூடியையோ பக்கவாட்டில் இருந்து நகர்த்தி மூடிவிட்டு, ஆறும் வரை திறக்காதீர்கள்.

சாலை விபத்தில் அடிபட்டவரை உடனே தூக்கி ஆட்டோவில் போடுவது தப்பா?

முதலில் பின்னால் வரும் வண்டி உங்களையும் இடிக்காதபடி யாரையாவது தூரத்தில் நிறுத்தி, கையில் துணியை ஆட்டச் சொல்லுங்கள். அப்புறம் அடிபட்டவருக்கு மூச்சு இருக்கிறதா, ரத்தம் பீறிடுகிறதா என்று பாருங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி இருந்தால், கையையும் காலையும் பிடித்துத் தூக்குவதே அவரை ஆயுளுக்கும் படுக்கையில் போட்டுவிடலாம். தீ, வெள்ளம் மாதிரி உடனடி ஆபத்து இல்லை என்றால் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்குக் காத்திருங்கள்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயத்தில் விலகிப் போவதை நான் நிற்பது என்று சொல்லவில்லை. உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. ஆகவே பணம் யார் கட்டுவது என்று தயங்கவும் வேண்டாம்.

நிற்கவே கூடாத நேரம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, இதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். சுற்றிலும் ஆபத்து இல்லை என்று பார்த்த பிறகு தயங்கக் கூடாது. மூச்சும் இல்லை, அசைவும் இல்லை என்றால், அதைச் சரிபார்க்கப் பத்து வினாடிக்கு மேல் எடுக்காமல், நெஞ்சின் நடுவில் கை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தொடங்குங்கள். ரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அப்போதே அழுத்துங்கள். தொண்டையில் அடைத்துக்கொண்டு பேச முடியாமல் தவிக்கும் ஆளை முன்னால் குனியவைத்து முதுகில் தட்டுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

பல நாடுகளில் முதலுதவிப் பாடத்தின் வரிசையை ஆங்கில எழுத்துகளாகச் சொல்லித் தருவார்கள். அதில் முதல் எழுத்து D, அதாவது ஆபத்தைப் (Danger) பார் என்பதுதான், மூச்சு, நாடி எல்லாம் அதற்குப் பிறகு. முதல் எழுத்தை விட்டவர் இரண்டாவது நோயாளி ஆவார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டவர் வேடிக்கை பார்ப்பவர்.

இதை எப்படிப் பழகுவது? அந்த நேரத்தில் ஞாபகம் வருமா?

ஞாபகத்தை நம்பாதீர்கள், பழக்கத்தை நம்புங்கள். பதறாத காரியம் சிதறாது என்று எல்லாரும் சொல்லி வளர்ந்தோம், பதறாமல் இருப்பது எப்படி என்று யாரும் பழக்கிவிடவில்லை. சின்ன விஷயங்களில் செய்து பாருங்கள். பால் பொங்குகிறது, ஓடாமல் நின்று ஒரு மூச்சு, பிறகு அடுப்பை அணையுங்கள். குழந்தை விழுந்து அழுகிறது, ஒரு மூச்சு, எங்கே அடி என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள். வண்டிச் சாவியைப் போடும் முன், சுவிட்சில் கை வைக்கும் முன். பத்து நாள் செய்தால் உடம்புக்கே வந்துவிடும். அப்புறம் வீட்டில் எல்லாருக்கும், குழந்தைகளையும் சேர்த்து, மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டுங்கள். இருட்டில் போய்த் தொடச் சொல்லிப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இறங்காதே, கத்து, கயிறு போடு என்று மூன்று வார்த்தை சொல்லிக் கொடுக்கலாம், நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள்.

நான் நின்றேன். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போதும் தூக்கம் வரவில்லை.

இது கேள்வியே இல்லை, ஆனால் ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒருவராவது தனியாக வந்து இதைச் சொல்கிறார். போன மாதம் ஒரு பெண் சொன்னார், அதற்கு முன் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

எங்கள் சித்தப்பாவும் பிழைக்கவில்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பிழைக்கவில்லை. பல வருடம் நான் பெரியம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவர் விட்டிருந்தால் தூக்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலுதவி படித்து, அந்த வாயு என்ன செய்யும் என்று தெரிந்த பிறகுதான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அவர்தான் கேட்டார், "அன்னிக்குச் சட்டை கிழிஞ்சு போச்சுல்ல, அது உங்க அப்பா எடுத்துக் குடுத்ததா?" என்று. ஆமாம் என்றேன். வேறொரு சட்டை எடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார்.

இப்படி யாராவது வந்து சொன்னால் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். என்ன நடந்தது, யார் முதலில் இறங்கினார்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். அவசரப்படாமல் சொல்லுங்கள் என்கிறேன்.